நற்கருணைப் பாத்திரத்தில் புளித்த ரசமா, புளிக்காத சாறா? வேதமும் வழக்கமும் செய்முறையும்

சேகரச்செயலர்
எல்லாருக்கும் தோத்திரம். சபையில் நற்கருணை (இயேசுவின் கடைசி இராப்போஜன நினைவாக அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து) எடுப்பவர்கள் சுமார் 220 பேர். இதுவரை ஒரே பாத்திரம், புளித்த திராட்சரசம். குடியை விட்டு மீண்டவர்கள் சிலர் பந்திக்கு வராமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். புளிக்காத சாறுக்கு மாறலாம் என்று கமிட்டியில் பாதிப்பேர், "இயேசு கொடுத்ததை மாற்ற நாம் யார்" என்று மீதிப்பேர். மூன்று கேள்விகள்:

1. வேதம் மதுவை அடியோடு தடுக்கிறதா, வெறிப்பதை மட்டுமா?
2. சாறு வைத்தால் நற்கருணை செல்லுமா? எந்தச் சபை என்ன சொல்கிறது?
3. நாமே செய்வதானால் அளவு, முறை, கெடாமல் வைக்கும் வழி.

பிரசங்கம் வேண்டாம், ஞாயிறுதோறும் கேட்கிறோம். வசனமும் அளவும் போதும்.

ஏடுபார்ப்பவன்
முதல் கேள்விக்கு வருகிறேன். அடியோடு தடை என்று ஒரு வசனமும் இல்லை. வெறிப்பதற்கு எதிராக ஏராளம்.

தடைபோலத் தெரிகிற வசனங்களில் யாருக்கு, எப்போது என்று பாருங்கள். லேவியராகமம் 10:9, ஆசரிப்புக் கூடாரத்துக்குள் போகும்போது ஆசாரியருக்கு. எண்ணாகமம் 6, நசரேய விரதம் இருப்பவருக்கு. அந்த விரதத்தில் காடி, பச்சைத் திராட்சை, உலர்ந்த திராட்சை எல்லாமே கூடாது, ஆகவே அதை மதுவிலக்குச் சட்டமாக வாசித்தால் பாயசத்தில் போடும் திராட்சையையும் நிறுத்த வேண்டும். எரேமியா 35-ல் ரேகாபியர் என்ற குடும்பத்தார் குடிக்கவில்லை. ஆனால் அவர்கள் வீடும் கட்டவில்லை, விதையும் விதைக்கவில்லை. கர்த்தர் அங்கே மெச்சுவது தகப்பன் சொல்லுக்குக் கீழ்ப்படிந்ததை.

மறுபக்கம் உபாகமம் 14:26. தசமபாகப் பணத்தில் ஆடு, மாடு, திராட்சரசம், மதுபானம் வாங்கி கர்த்தருடைய சந்நிதியில் புசித்துச் சந்தோஷப்படு என்கிறது. இதை எந்தப் பிரசங்கத்திலும் கேட்க முடியாது. எண்ணாகமம் 28:7-ல் பானபலியே மதுபானம்தான்.

புதிய ஏற்பாட்டில் எபேசியர் 5:18 வெறிகொள்வதைத் தடுக்கிறது. 1 தீமோத்தேயு 3:3 கண்காணிக்கு, 3:8 உதவிக்காரருக்கு. இரண்டும் மதுப்பிரியத்தைத்தான் சொல்கின்றன. 5:23-ல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் "கொஞ்சம் திராட்சரசமும்" கூட்டிக்கொள்ளச் சொல்கிறார் பவுல். ஆக தீமோத்தேயு அதுவரை தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தார். குடிக்காத ஊழியரும் அன்றே இருந்தார், அவரைப் பவுல் அதற்காகக் கடிந்துகொள்ளவும் இல்லை.

கொரிந்து சபையைப் பாருங்கள்: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான், 1 கொரிந்தியர் 11:21. கர்த்தருடைய பந்தியிலேயே வெறிக்க முடிந்ததென்றால் பாத்திரத்தில் இருந்தது சாறு இல்லை. ஆனாலும் பவுல் ரசத்தை மாற்றச் சொல்லவில்லை, வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார்.

நசரேயன்77
ஏடு அண்ணன் ஒரு பக்கத்து வசனங்களை மட்டும் அடுக்குகிறார். நீதிமொழிகள் 20:1, "திராட்சரசம் பரியாசஞ்செய்யும், மதுபானம் அமளிபண்ணும்". 23:31, பளபளப்பாய்த் தோன்றும்போது "நீ அதைப் பாராதே". பார்க்கவே கூடாது என்றிருக்கிறது! ரோமர் 14:21 இன்னும் நேரடி: சகோதரன் இடறுவான் என்றால் மதுபானம் பண்ணாமலிருப்பதே நன்மை. செயலர் ஐயா சபையில் இடறுகிறவர்கள் பின்வரிசையில் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. வேதகாலத்து ரசத்தையும் இன்றைய கடைச் சரக்கையும் ஒரே தட்டில் வைப்பது தப்பு. சாராயம் காய்ச்சி வடிக்கிற முறை பரவலானதே மத்தியகாலத்தில்தான்.

ஏடுபார்ப்பவன்
ரோமர் 14 சரி, முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். செயலர் கேட்டதற்குப் பொருந்துகிற அதிகாரமே அதுதான். ஆனால் அது குடிக்கிறவனின் அன்பைக் கேட்கிறது. ரசத்தைப் பாவம் என்று சொல்லவில்லை. இதைக் கலந்துவிட்டால் கானாவூர் கலியாணத்தில் இயேசு தண்ணீரை ரசமாக்கியது இடிக்கும். ஆறு கற்சாடி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குடம். குடம் என்பதற்கு மூலத்தில் உள்ள அளவு சுமார் 39 லிட்டர். கூட்டிப் பார்த்தால் 470-லிருந்து 700 லிட்டர்.

மருந்துச்சீட்டு
நசரேயன் சொன்ன கடைசி விஷயத்துக்குக் கணக்கு இதோ. ஈஸ்ட் தானாகப் புளிக்கவைத்தால் 14, 15 விழுக்காட்டைத் தாண்டுவது கடினம், அதற்குள் ஈஸ்ட்டே செத்துவிடும். அந்தக் காலத்தில் அதையும் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். 2 மக்கபேயர் 15:39 தனி ரசமும் நல்லதில்லை, தனித் தண்ணீரும் நல்லதில்லை என்கிறது. ரபிகளின் எழுத்தில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் என்ற கணக்கு வருகிறது. 13 விழுக்காட்டு ரசத்தை அப்படிக் கலந்தால் 3.25.

இங்கே விற்கும் பிராந்தி 42.8 விழுக்காடு. ஒரு குவார்ட்டர், 180 மில்லியில் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அந்த அளவைக் கலந்த ரசத்தில் எட்ட வேண்டுமானால் 2.3 லிட்டருக்குமேல் குடிக்க வேண்டும். "இயேசுவே குடித்தார்" என்று டாஸ்மாக் வாசலில் வசனம் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

நற்கருணையில் ஒரு மிடறு 5-லிருந்து 10 மில்லி. 12 விழுக்காடு என்றால் ஆல்கஹால் அரை கிராமிலிருந்து ஒரு கிராம். போதை ஏற வழியே இல்லை. ஆனால் மீண்டு வருகிறவருக்குப் பிரச்சினை அளவில் இல்லை, மணத்திலும் ருசியிலும் இருக்கிறது. அதோடு மாத்திரையிலும்.

குடியை விடுவதற்குக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை எடுப்பவர்கள் இந்த ஒரு மிடறையும் தவிர்க்க வேண்டும். அந்த மாத்திரை ஆல்கஹால் உடைகிற வழியை நடுவில் அடைக்கிறது, அசிட்டால்டிஹைடு ரத்தத்தில் தேங்குகிறது. சிலருக்கு மிகச் சிறிய அளவே போதும்: 10, 30 நிமிடத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலைவலி, வாந்தி. மாத்திரையை நிறுத்தி 14 நாள்வரை இந்த ஆபத்து உண்டு. சிலருக்கு வீட்டார் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறார்கள், அவருக்கே தெரியாது. அது சட்டப்படியும் வைத்தியப்படியும் தவறு. ஆனால் நடக்கிறது என்பதால் பாத்திரம் கொடுக்கிற ஐயர் (சபைப் போதகர்) அறிந்திருக்க வேண்டும்.

குட்டிடீக்கன்
ரசத்தையே கொதிக்கவைத்து ஆல்கஹாலை எடுத்துவிட்டால்? இரண்டு கட்சிக்கும் சமாதானம்.

மருந்துச்சீட்டு
போகாது தம்பி. 15 நிமிடம் கொதித்தாலும் சுமார் 40 விழுக்காடு ஆல்கஹால் தங்கும், அரை மணியில் 35, ஒரு மணியில் 25. அதற்குள் ரசம் பாகாகிவிடும். சாறு வேண்டுமென்றால் சாறாகவே தொடங்குங்கள்.

மட்டுறுத்துநர்
எபிரேய, கிரேக்கச் சொற்களை வைத்து "அது சாறுதான்", "இல்லை மதுதான்" என்று வந்த நான்கு பதிவுகளைச் சொல்லாராய்ச்சி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அந்தச் சண்டை அங்கே நடந்துகொண்டே இருக்கிறது.

பழையஏடு
அந்தச் சண்டைக்குப் போகாமலே பதில் உண்டு. பயிர்க்காலத்தைப் பாருங்கள். யூதேயாவில் திராட்சை அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர். கடைசி இராப்போஜனம் நடந்த யூதப் பண்டிகையான பஸ்கா மார்ச், ஏப்ரல். நடுவில் ஆறு மாதத்துக்குமேல். பழத்தோலில் இருக்கிற ஈஸ்ட், பிழிந்த மறுநாளே வேலையைத் தொடங்கிவிடும். ஆக கடைசி இராப்போஜனத்தின் பாத்திரத்தில் புளித்த ரசம் என்பதே இயல்பான முடிவு.

புளிக்காமல் வைக்க அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்பதும் மிகை. பழங்கால ரோமானிய எழுத்தாளர் கேட்டோ தன் வேளாண் நூலில் எழுதியிருக்கிறார்: சாறை ஜாடியில் ஊற்றி, மூடியில் கீல் பூசி, குளத்தில் அமிழ்த்தி, 30 நாள் கழித்து எடுத்தால் ஆண்டு முழுதும் சாறாகவே இருக்கும். சாறைக் காய்ச்சிப் பாதி, மூன்றில் ஒரு பங்காக வற்றவைத்துப் பாகாக்குவதும் உண்டு. உலர்ந்த திராட்சையை ஊறவைப்பதும் உண்டு. தெரிந்திருந்தது என்பது வேறு, பஸ்காவில் அதைத்தான் வைத்தார்கள் என்பது வேறு. இரண்டாவதற்குச் சான்று கிடையாது.

சபைகள் பெருவாரியாகச் சாறுக்கு மாற முடிந்தது 1869-க்குப் பிறகு. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து வைன்லாண்டில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர், மெதடிஸ்ட் சபையில் நற்கருணைப் பொறுப்பாளர், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் கண்டுபிடித்த சூடாக்கும் முறையைத் திராட்சைச் சாறில் போட்டுப் பார்த்தார். நிரப்பிய பாட்டில்களை வெந்நீரில் வைத்து ஈஸ்ட்டைக் கொன்றார், சாறு புளிக்காமல் நின்றது. மதுவிலக்கு இயக்கமும் அப்போது வேகமெடுத்ததால் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகள் பிடித்துக்கொண்டன. நம் ஊருக்கு இந்த வழக்கம் மிஷனெரிகளோடு வந்தது.

பலிபீடப்பணியாளன்
இரண்டாம் கேள்விக்குக் கத்தோலிக்கப் பக்கம். எங்களில் விதி எழுத்தில் இருக்கிறது. 1983 திருச்சபைச் சட்டம் 924: திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக வந்த ரசம், கெட்டுப்போகாதது, அதில் சிறிது தண்ணீர். வேறு பொருள் கலக்கக்கூடாது. காடியாகிவிட்டால் செல்லாது. வீட்டுக் கிறிஸ்துமஸ் வைனைக் கொண்டுவந்து "சாமி, பூசைக்கு வைச்சுக்கோங்க" என்பார்கள். அதில் சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் இருக்கும், திருப்பலிக்கு ஆகாது. உரிமம் இல்லாமல் அதைக் காய்ச்சுவது 1937 மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு என்பது தனி.

குடிநோயில் இருந்து மீண்ட குருவுக்கு வழி உண்டு. ஆயர் அனுமதியோடு "முஸ்தும்" பயன்படுத்தலாம்: புதிதாகப் பிழிந்த சாறு, அல்லது உறையவைத்து, அதன் இயல்பு மாறாமல் புளிப்பை நிறுத்திய சாறு. சூடாக்கிப் பதப்படுத்திய கடைச் சாறு அதில் சேராது. பொதுநிலையினருக்குச் சிக்கலே இல்லை. அப்பம் மட்டும் வாங்கினாலும் முழு கிறிஸ்துவையும் பெறுகிறார் என்பது எங்கள் போதனை.

செயலர் ஐயா, உங்கள் சபையிலும் அந்த வழியை யோசிக்கலாமே. எல்லாருக்கும் மாற்றாமல், வேண்டாதவர் அப்பத்தோடு எழுந்து போகட்டும்.

நசரேயன்77
அப்படி எழுந்து போகிறவர் யார், ஏன் என்று சபை முழுக்கத் தெரிந்துவிடும் ஐயா. ஊர்ச் சபையில் அது போதும், அடுத்த மாதம் வரமாட்டார்.

பழையஏடு
மற்ற சபைகளைச் சுருக்கமாக. ஆங்கிலிக்கன் தாய்ச்சபையின் விதி புளித்த ரசம்தான். லுத்தரன் மரபும் ரசம். ஆர்த்தடாக்ஸ் கிழக்கில் சிவப்பு ரசம், பைசாந்திய முறையில் வெந்நீரும் சேர்ப்பார்கள். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சாறு. இரட்சணிய சேனையில் திருவிருந்தே கிடையாது, சேனைவீரர் மதுவைத் தொடுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறார்கள். 1947-ல் ஆங்கிலிக்கனும் மெதடிஸ்ட்டும் மற்றவர்களும் சேர்ந்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) உருவானதால் அங்கே இரண்டு வழக்கமும் இருக்கிறது. அதனால் கமிட்டி ஓட்டெடுப்புக்கு முன்னால் பேராயருக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஐயர் மாறினால் வழக்கமும் மாறுகிற கூத்து அப்போதுதான் நிற்கும்.

கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள் ரசம் கிடைக்காத காலத்தில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்தார்கள். ரோம் 1706-ல் அப்படிப்பட்ட ரசத்தை ஏற்றது, நிறத்திலும் ருசியிலும் உண்மையான ரசம் என்று அடையாளம் தெரிந்தால். திராட்சை இல்லாத நாட்டில் இந்தக் கேள்வி புதிதில்லை.

கம்பத்துக்காரன்
மூன்றாம் கேள்விக்கு நான். நல்ல சாறுக்கு நம்மிடம் பன்னீர் திராட்சை இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் காய்க்கும், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த பழம் என்பது அதன் வரலாறு. விதையில்லாத கறுப்புத் திராட்சையில் சாறு வெளிறிப்போகும், மணமும் இல்லை.

அளவு: தனிக் கிண்ணத்தில் ஆளுக்கு 6 மில்லி. 220 பேருக்கு 1.3 லிட்டர், சிந்துவதையும் சேர்த்து ஒன்றரை லிட்டர் வையுங்கள். ஒரு கிலோ பழத்தில் 600, 650 மில்லி தேறும். இரண்டரை கிலோ வாங்கினால் போதும்.

முறை:

காம்பை முழுக்கக் கிள்ளுங்கள், பச்சைக் காம்பு சாறைத் துவர்க்கவைக்கும். அழுகினது, வெடித்தது வேண்டாம். உப்புத்தண்ணீரில் பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு அலசல். எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு மத்தால் மசியுங்கள். மிக்ஸி கூடாது, விதை உடைந்தால் கசப்பு இறங்கும், பிறகு சர்க்கரை கொட்டினாலும் போகாது. அலுமினியப் பாத்திரமும் கூடாது, புளிப்பு அதை அரித்துச் சாறில் உலோக வாடை வரும்.

மசித்ததைச் சிறுதீயில் 60, 65 டிகிரிக்குக் கொண்டுவந்து 15 நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். நிறம் இருப்பது தோலில். சூடு பட்டால்தான் இறங்கும். கொதிக்கவிட்டால் பன்னீர் மணம் பறந்து ஜாம் வாடை வரும். மெல்லிய துணியில் தானாக வடியவிடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் கலங்கும்.

வடிகட்டியதை மூடி ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி, முடிந்தால் இரண்டு. அடியில் கண்ணாடித்தூள் போல மினுமினுவென்று படியும். பயப்பட வேண்டாம், திராட்சையில் இயல்பாக உள்ள டார்ட்டார் உப்பு. மேலே தெளிந்ததை மட்டும் அலுங்காமல் இறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியை விட்டவர்களுக்குத்தான் கிண்ணத்தில் மண் நெறநெறக்கும்.

பாட்டிலில் அடைக்க: சாறை 82, 85 டிகிரிக்குச் சூடாக்கி, வெந்நீரில் கொதித்த சூடான கண்ணாடி பாட்டிலில், வாயிலிருந்து ஒரு அங்குலம் விட்டு ஊற்றி, இறுக மூடுங்கள். அடியில் துணி விரித்த அண்டாவில் நிறுத்தி, 80-லிருந்து 85 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம். ஆறும்வரை அண்டாவிலேயே இருக்கட்டும். எடுத்துக் கடப்பைக் கல்லில் வைத்தால் படீரென்று வெடிக்கும். 750 மில்லி பாட்டிலை விட 200 மில்லி நல்லது, திறந்தது அன்றே தீர்ந்துவிடும்.

தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கடையில் சமையல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது.

குட்டிடீக்கன்
அண்ணா, மூடி உப்பியிருந்தால்?

கம்பத்துக்காரன்
ஈஸ்ட் சாகவில்லை, உள்ளே புளிக்கிறது. திறக்கும்போது புஸ்ஸென்றால் கொட்டிவிடுங்கள். மேலே வெள்ளை ஆடை படிந்திருந்தால் பூசணம், ஆடையை எடுத்துவிட்டு வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அதையும் கொட்ட வேண்டும். காரணம் மூன்றில் ஒன்று: பாட்டில் சரியாகக் கொதிக்கவில்லை, சாறு 80-க்குக் கீழே ஆறியபின் ஊற்றினீர்கள், அல்லது பழைய மூடியின் உள்வளையம் தேய்ந்திருக்கிறது. மூடி மட்டும் எப்போதும் புதிது.

ஞாயிறுபள்ளிஅக்கா
இவ்வளவு முடியாத சிறிய சபைகளுக்கு: விதையுள்ள கறுப்பு உலர்ந்த திராட்சை கால் கிலோ. எண்ணெய்ப் பூச்சு போக வெந்நீரில் ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டு, அரை லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ராத்திரி ஊறவையுங்கள், ஃபிரிட்ஜுக்குள்ளேயே. காலையில் அதே தண்ணீரோடு 15 நிமிடம் சிறுதீ, மசித்து வடித்தால் 350, 400 மில்லி வரும். ஐம்பது பேருக்குத் தாராளம்.

வெளியே ஊறப்போட்டுச் சனி, ஞாயிறு என்று இழுத்தால் நம் ஊர் வெயிலில் நுரைக்கத் தொடங்கிவிடும். "சாறு" என்று பெயர் வைத்துக்கொண்டு பல சபைகளில் லேசாகப் புளித்ததைத்தான் கொடுக்கிறார்கள். டைசல்ஃபிரம் பற்றி மேலே படித்தபின் அது சும்மா விடுகிற விஷயமில்லை.

இன்னொரு வேண்டுகோள்: கடையில் வாங்கும் ஸ்குவாஷைத் தயவுசெய்து வைக்காதீர்கள். பழச்சாறு 25 விழுக்காடு இருந்தாலே அந்தப் பெயர் போட்டுக்கொள்ளலாம். மீதி சர்க்கரை, தண்ணீர், நிறம். சிரப் என்று எழுதியிருப்பதில் எசன்ஸ் மட்டும்கூட இருக்கும். "திராட்சப்பழரசம்" என்று பாத்திரத்தைத் தூக்கிச் சொல்லிவிட்டு அதைக் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. நூறு விழுக்காடு சாறு என்று லேபிளில் உள்ளதை வாங்குங்கள்.

மருந்துச்சீட்டு
சர்க்கரை நோயாளிகள் யாராவது கேட்பார்கள்: 6 மில்லி சாறில் சர்க்கரை ஒரு கிராம்தான். பயம் வேண்டாம்.

"ரசத்தில் ஆல்கஹால் இருப்பதால் ஒரே பாத்திரத்தில் குடித்தாலும் கிருமி ஒட்டாது" என்ற வாதமும் வரும். 12 விழுக்காடு சில நொடியில் எதையும் கொல்லாது. சாறில் அதுகூட இல்லை. ஆகவே சாறுக்கு மாறினால் தனிக் கிண்ணத்துக்கும் சேர்த்தே மாறுங்கள்.

சேகரச்செயலர்
எல்லாருக்கும் நன்றி. ஒரு யோசனை ஓடுகிறது: பொதுப் பாத்திரத்தில் ரசம், தட்டில் தனிக் கிண்ணங்களில் சாறு, அவரவர் விருப்பம். நசரேயன் தம்பி சொன்ன அடையாளப் பிரச்சினை வருமா?

நசரேயன்77
தட்டு முதலில் வந்து, எல்லாரும் அதிலிருந்து எடுக்கலாம் என்று ஐயர் அறிவித்தால் வராது. மூப்பர்கள் நாலு பேர் முதல் ஞாயிறே கிண்ணம் எடுக்கட்டும். அப்புறம் யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். என் மனசு முழுக்கச் சாறு என்றுதான் சொல்கிறது, ஆனால் சபை பிளவதைவிட இது மேல்.

ஏடுபார்ப்பவன்
இதற்கு என் கையெழுத்தும் போட்டுக்கொள்ளுங்கள். பேராயருக்கான கடிதத்தில் இரண்டையும் ஒரே ஜெபத்தில் பிரதிஷ்டை செய்வதாகத் தெளிவாக எழுதுங்கள். கிண்ணத்தைப் பின்னறையிலிருந்து தனியாகக் கொண்டுவந்தால் "அது வேற, இது வேற" என்று பேச்சு கிளம்பும்.

ஞாயிறுபள்ளிஅக்கா
தட்டுக்கு 40 கிண்ணம். 220 பேருக்கு ஆறு தட்டு. வாய் குறுகிய பிழியும் பாட்டிலில் ஊற்றினால் ஒரு தட்டு மூன்று நிமிடம். ஆராதனைக்கு ஒரு மணிநேரம் முன்னால் ஊற்றி மூடி வையுங்கள். ராத்திரியே ஊற்றி வைத்தால் எறும்பு வந்துவிடும். மீந்த சாறை ஐயரும் உதவிக்காரரும் அங்கேயே குடித்துத் தீர்ப்பது வழக்கம், இல்லையென்றால் ஆலய வளாகத்தில் கால் படாத மண்ணில் ஊற்றலாம், சிங்க்கில் ஊற்ற வேண்டாம். பாத்திரம் துடைக்கும் வெள்ளைத் துணியில் கறை பட்டால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரையும் மண்ணில் ஊற்றுங்கள். எடுத்த எடுப்பில் சோப்பு போட்டால் சிவப்பு நீலமாகி அப்படியே பிடித்துக்கொள்ளும்.